பனியில் மங்கிய கொக்கு: மேனுவல் ஃபோகஸ் பற்றி ஓர் ஆசிரியைக்குப் பதில்

கேள்வி: மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என்னிடம் கேனான் 1500டி கேமராவும், அதோடு வந்த 18-55 லென்ஸும், பிறகு வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். லென்ஸும் இருக்கின்றன. மார்கழிக் காலையில் வயலுக்குப் போனால், பனிக்குள் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஷட்டர் விழுவதே இல்லை. மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றினால் வியூஃபைண்டரில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் மங்கல். கார்த்திகை விளக்குப் படங்களும் இப்படித்தான் ஆயின. நான் கண்ணாடி அணிகிறவள். கோளாறு என் கண்ணிலா, லென்ஸிலா? நல்ல புகைப்படக்காரர் மேனுவலில்தான் எடுப்பார் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், அது உண்மையா? தை மாதக் கடைசியில் மாணவர்களைச் சுவாமிமலைக்கு அழைத்துப் போகிறேன். அங்கே உலோகம் ஊற்றிச் சிலை வார்ப்பதைப் படம் எடுக்க வேண்டும். அதற்குள் கற்றுக்கொள்ள முடியுமா? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

வணக்கம் டீச்சர். தை மாதத்துக்குள் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். உங்கள் படங்கள் மூன்றையும் முழு அளவில் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மூன்றுக்கும் நோய் ஒன்றல்ல என்பதால் முதலில் படங்களைப் பற்றியே சொல்லிவிடுகிறேன்.

கொக்குப் படத்தில் அலகும் கண்ணும் கரைந்துபோயிருக்கின்றன. ஆனால் கொக்குக்கு முன்னால், வரப்பின் அருகம்புல்லைப் பாருங்கள். புல் நுனியில் நிற்கும் பனித்துளிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். லென்ஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, தெளிவு கொக்குக்கு நாலைந்து அடி முன்னால் விழுந்துவிட்டது. இதுதான் அசல் ஃபோகஸ் பிழை. இரண்டாவது, சம்பாக் கதிர்களின் படம். அதில் எந்த இடத்திலும் தெளிவு இல்லை. கதிர் நுனிகள் எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டு இரட்டையாகத் தெரிகின்றன. படத்தோடு பதிந்திருக்கும் விவரத்தில் ஷட்டர் திறந்திருந்த நேரம் 1/30 நொடி என்று இருக்கிறது. 55 மி.மீ.யில், குளிரில் நடுங்கும் கையோடு, 1/30 போதாது. அங்கே ஃபோகஸைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அந்த லென்ஸின் அந்தக் கோடியில் 1/125-க்குக் கீழே இறங்காதீர்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, ஏற்றுங்கள். மூன்றாவது விளக்குப் படம். அகல் மங்கல், அதற்குப் பின்னால் இருக்கும் சுவரின் காரைப் பூச்சு தெளிவு. இதிலும் ஃபோகஸ்தான் தவறியிருக்கிறது, இந்த முறை பின்பக்கமாக.

இனிமேல் எந்தப் படம் மங்கலாக வந்தாலும் அழிப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சட்டகத்துக்குள் எங்காவது ஒரு மூலையில் தெளிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஃபோகஸ் தவறிய இடமும் தவறிய பக்கமும் தெரிந்துவிடும். எங்குமே இல்லாமல், ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. எங்குமே இல்லாமல், வெள்ளைத் துணி வழியாகப் பார்த்த மாதிரி படர்ந்திருந்தால் லென்ஸின் முகப்பில் ஈரம் படிந்திருக்கிறது. பாமணியாற்றங்கரையில் விடிகாலையில் நின்றால் அது நடக்கும். மெல்லிய பருத்தித் துணி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். வியூஃபைண்டரில் தெளிவாகத் தெரிந்தது கணினியில் ஏன் மங்குகிறது?

உங்கள் கேமராவின் வியூஃபைண்டர் மேனுவல் ஃபோகஸுக்காகச் செய்யப்பட்டது அல்ல. 1985-இல் மினோல்டா 7000 வந்த பிறகுதான், லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் எஸ்.எல்.ஆர். கேமராக்களில் ஆட்டோ ஃபோகஸ் பரவியது. அதற்கு முன்பு எல்லோரும் கையால்தான் ஃபோகஸ் செய்தார்கள், அதற்குத் தக்கபடி கேமராவும் இருந்தது. ஃபிலிம் கேமராக்கள் பலவற்றில் வியூஃபைண்டரின் நடுவே ஒரு சின்ன வட்டம் இருக்கும். அதற்குள் செங்குத்தான ஒரு கோடு, ஒரு தூணோ கதவு நிலையோ, இரண்டு துண்டாக விலகித் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டு துண்டும் ஒட்டிக்கொண்டால் ஃபோகஸ் சரி. சந்தேகத்துக்கே இடம் கிடையாது. இன்றைய டி.எஸ்.எல்.ஆர்.களில் அந்த வட்டம் இல்லை. ஃபோகஸ் செய்யும் வேலையைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில், கிட் லென்ஸிலும் காட்சி பளிச்சென்று தெரிவதற்காகவே திரையைச் செய்திருக்கிறார்கள். அந்தப் பளிச்சிடும் திரைக்கு ஒரு குணம் உண்டு. எஃப் எண் சிறியதாக ஆக லென்ஸின் வாய் அகலும், முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம், அதாவது தெளிவின் ஆழம், குறுகும். லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து வைத்தாலும் ஏறக்குறைய எஃப் 2.8-க்கு உரிய தெளிவு ஆழத்தையே இந்தத் திரை கண்ணுக்குக் காட்டும். ஃபோகஸ் சற்றுத் தவறியிருந்தாலும் அங்கே தெளிவாகத் தெரியும். படத்தைப் பதிவு செய்யும் சென்சாரிடம் அந்தச் சலுகை கிடையாது. போதாக்குறைக்கு, உங்கள் கேமராவில் திரை காட்டும் படமும் சிறியது. கண்ணாடிப் பட்டகம் இல்லாமல் சிறு ஆடிகளை வைத்துச் செய்த அமைப்பு. அதில் கொக்கின் கண்ணைப் பார்த்து ஃபோகஸ் செய்ய யாராலும் முடியாது. என்னாலும் முடியாது.

கண்ணாடி அணிகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வியூஃபைண்டர் ரப்பருக்குப் பக்கத்தில், ஓரத்தில், ஒரு சின்னத் திருகு உருளை இருக்கிறது. உங்கள் பார்வைக்கு ஏற்ப வியூஃபைண்டரைச் சரிசெய்வதற்கானது அது. கேமரா பெட்டியிலிருந்து வந்த நாள் முதல் அதைத் தொடாதவர்களே அதிகம். பைக்குள் உரசி அது தானாகவும் நகர்ந்துவிடும். லென்ஸை வெற்று வானத்தை நோக்கிப் பிடியுங்கள். படம் எடுக்கும்போது கண்ணாடி போட்டிருப்பீர்களா, கழற்றியிருப்பீர்களா என்று முதலில் முடிவு செய்து, அப்படியே இருந்துகொண்டு பாருங்கள். காட்சியைக் கவனிக்க வேண்டாம். திரையில் அச்சிட்ட ஒன்பது சிறு கட்டங்கள் இருக்கும். அவற்றின் கோடுகள் மிகக் கூர்மையாகத் தெரியும்வரை உருளையைத் திருப்புங்கள். திருப்பக் கடினமாக இருந்தால் ரப்பரைக் கழற்றிவிட்டுத் திருப்பலாம். உருளை சரியில்லாமல் இருக்கும்போது கண் தானாகவே சிரமப்பட்டு ஈடுகட்டப் பார்க்கும். திரையில் விழாத ஒரு படத்தைத் தெளிவு என்று மூளை ஏற்றுக்கொண்டுவிடும்.

இதைச் செய்த பிறகும் கோளாறு எங்கே என்று ஐயம் இருந்தால், ஒரு மாலை பள்ளி முடிந்ததும் வகுப்பறையிலேயே சோதித்துவிடலாம். நீளமான பெஞ்சின் மேல் ஒன்பது சாக்பீஸ்களை நிற்க வையுங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு விரல் இடைவெளியில். ஐந்தாவது சாக்பீஸில் மட்டும் பேனாவால் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். வரிசையின் ஒரு முனையில், சற்று உயரத்தில், பெஞ்சிலிருந்து மூன்றடி தள்ளிக் கேமராவை வைத்துக்கொள்ளுங்கள். டிரைபாட் இல்லாவிட்டால் புத்தக அடுக்கு போதும். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8. முதலில் வியூஃபைண்டர் வழியாகக் கையால் ஃபோகஸ் செய்து சில படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் வளையத்தைக் கலைத்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். பிறகு பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் சில படங்கள். கடைசியாக வியூஃபைண்டரில் ஆட்டோ ஃபோகஸ் வைத்துச் சில படங்கள். கணினியில் பார்க்கும்போது எந்த சாக்பீஸ் கூர்மையாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பின்திரைப் படங்களில் ஐந்தாவது சாக்பீஸ் கூர்மையாக இருந்து, வியூஃபைண்டர் படங்களில் நான்காவதும் ஆறாவதும் மாறி மாறி வந்தால், லென்ஸுக்கு ஒன்றும் இல்லை, வியூஃபைண்டரை விட்டுவிடுங்கள். ஆட்டோ ஃபோகஸ் படங்களில் மட்டும் எப்போதும் ஒரே பக்கமாகத் தவறினால், கேமராவும் லென்ஸும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அதை நாமே சரிசெய்துகொள்ளும் வசதி உங்கள் மாடலில் இல்லை. சர்வீஸ் சென்டருக்குத்தான் கொடுக்க வேண்டும். எப்படி எடுத்தாலும் எந்தச் சாக்பீஸும் கூர்மையாக வராவிட்டால்தான் லென்ஸைச் சந்தேகப்பட வேண்டும். உங்கள் பனித்துளிகளைப் பார்த்த பிறகு அப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பின்திரையில் பெரிதாக்குவது என்றேனே, உங்களுக்கு மேனுவல் ஃபோகஸ் என்றால் இனி அதுதான். லென்ஸின் பக்கவாட்டில் உள்ள பொத்தானை எம்.எஃப். பக்கம் தள்ளுங்கள். வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் உள்ள லைவ் வியூ பட்டனை அழுத்தினால் காட்சி பின்திரைக்கு வரும். பூதக்கண்ணாடி அடையாளமிட்ட பட்டனை ஒருமுறை அழுத்தினால் 5 மடங்கு, இன்னொரு முறை அழுத்தினால் 10 மடங்கு பெரிதாகும். அம்புக்குறி பட்டன்களால் பெரிதாகும் கட்டத்தை வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். இப்போது நீங்கள் பார்ப்பது சென்சாரில் விழும் படத்தையே. இங்கே தெளிவாகத் தெரிந்தால் கணினியிலும் தெளிவாகத்தான் இருக்கும்.

வளையத்தைத் திருப்புவதில் ஒரு பழக்கம் வர வேண்டும். தெளிவு வந்தவுடன் பலரும் கையை நிறுத்திவிடுகிறார்கள். அது உச்சம்தானா என்று அந்த இடத்தில் தெரியாது. தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்புவாரே, அப்படித் தெளிவைத் தாண்டிச் சற்று மங்கும்வரை திருப்புங்கள். பிறகு எதிர்ப்பக்கம் தாண்டுங்கள். ஒவ்வொரு முறையும் வீச்சைக் குறைத்துக்கொண்டே வந்து நடுவில் நில்லுங்கள். இரண்டு பக்கத்து மங்கலையும் பார்த்த கண்தான் நடுவை அறியும்.

உங்கள் இரண்டு லென்ஸ்களுக்கும் தனித்தனிக் குணம் இருக்கிறது. 18-55-இல் ஃபோகஸ் வளையம் முன்முனையில் இருக்கும் ஒல்லியான பட்டை. பொத்தான் ஏ.எஃப். பக்கம் இருக்கும்போது அதை வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள், உள்ளே பல்சக்கரம் தேய்ந்துவிடும். ஜூமை மாற்றினால் ஃபோகஸும் நகரும். ஜூமை முடிவு செய்துவிட்டுத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 50 எஸ்.டி.எம்.மில் வளையம் நேரடியாகக் கண்ணாடிகளை நகர்த்துவதில்லை. உள்ளிருக்கும் மோட்டாருக்குக் கட்டளை கொடுக்கிறது. கேமரா உறங்கிக்கொண்டிருந்தால் வளையம் சும்மா சுற்றும், ஒன்றும் நடக்காது. ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி எழுப்பிக்கொள்ளுங்கள். எந்த லென்ஸானாலும் வளையத்தைக் கோடி வரை தள்ளினால் அடிவானம் தெளிவாகிவிடும் என்று எண்ண வேண்டாம். ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்கள் அந்த இடத்தைத் தாண்டியும் போகும்.

இனி பனிக்கு வருவோம். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் விளிம்பைத் தேடித்தான் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்கிறது. மார்கழிப் பனி முதலில் தின்பது அந்த விளிம்பைத்தான். வெள்ளைப் பனிக்குள் வெள்ளைக் கொக்கு நின்றால் கேமராவுக்குப் பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை, அதனால்தான் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது. நெற்பயிருக்குள் நிற்கும் பறவை என்றால் இன்னொரு தொல்லை. முன்னால் ஆடும் தாளைத்தான் கேமரா பிடிக்கும்.

இதற்கு வளையத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கொக்கு நிற்கும் தூரத்திலேயே, பக்கத்தில், விளிம்பு உள்ள ஏதாவது ஒன்று இருக்கும்: மின்கம்பம், பனைமரத்தின் கருத்த அடி, மதகின் கட்டை, வரப்பு ஓரத்துக் களத்துக்கல். அதன்மேல் நடுப்புள்ளியை வைத்து ஆட்டோ ஃபோகஸ் செய்யுங்கள். பிடித்ததும் ஷட்டரை விடாமல், லென்ஸ் பொத்தானை எம்.எஃப்.புக்குத் தள்ளிவிடுங்கள். ஃபோகஸ் அந்தத் தூரத்திலேயே பூட்டிக்கொண்டது. இனி கேமராவைக் கொக்கின் பக்கம் திருப்பி, வேண்டிய மட்டும் எடுக்கலாம், லென்ஸ் ஓடாது. கொக்கு இரண்டடி எடுத்து வைத்தாலும் எஃப் 8-இல் சமாளித்துவிடும். எங்களைப் போன்ற தொழில்முறைப் படக்காரர்கள் நாள்தோறும் செய்வது இதைத்தான். கையால் துல்லியமாகத் திருப்புவதைக் காட்டிலும், எந்தத் தூரத்தில் தெளிவு வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து அங்கே நிறுத்தி வைப்பதில்தான் மேனுவல் ஃபோகஸின் பலம் இருக்கிறது.

உங்கள் கொக்குப் படத்தில் 55 மி.மீ.யில் எடுத்ததைக் கணினியில் வெட்டிப் பெரிதாக்கியிருக்கிறீர்கள். வெட்ட வெட்டச் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும். அந்த லென்ஸால் கொக்கை நெருங்க முடியாது. பறவையைச் சின்னதாக வைத்து, வயலையும் பனியையும் பெரிதாகக் காட்டும் படங்களை எடுங்கள். டெல்டாவில் கொக்கைவிட வயல்தான் பேரழகு என்பது என் கட்சி.

அப்படி அகன்ற வயல்காட்சி எடுக்க ஒரு கணக்கு உதவும். 18 மி.மீ., எஃப் 8 வைத்துக்கொண்டு ஏறக்குறைய 7 அடி தூரத்தில் ஃபோகஸ் செய்தால், மூன்றரை அடியிலிருந்து அடிவானத்துத் தென்னந்தோப்பு வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். பெரிதாக அச்சிடப் போகிறீர்கள், தூரத்துக் கோபுரமும் நறுக்கென்று இருக்க வேண்டும் என்றால் 10 அடியில் வையுங்கள். காலடிப் புல்லில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டிவரும். உங்கள் லென்ஸில் தூர அளவு எழுதியிருக்காது. அதனால் வீட்டு வாசலில் அளவு நாடாவால் 7 அடி அளந்து, அங்கே ஒரு பொருளை வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, வளையத்தின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிடுங்கள். ஜூம் வளையத்துக்கும் ஒரு துண்டு. அன்று காலை முழுவதும் ஃபோகஸைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பனிக்குள்ளிருந்து சைக்கிள் ஒன்று திடீரென்று வெளிப்பட்டால் கேமராவைத் தூக்கி அழுத்த வேண்டியதுதான்.

கார்த்திகை விளக்கில் சுடரின் மேல் ஃபோகஸ் செய்தது பிசகு. சுடருக்கு நிலையான விளிம்பு கிடையாது, ஆடிக்கொண்டே இருக்கும். திரையிலும் வெள்ளைப் பொட்டாகத்தான் தெரியும். அகலின் விளிம்பில், திரி படுத்திருக்கும் மூக்கைப் பாருங்கள். அங்கே எண்ணெய் பட்டு மினுங்கும் மெல்லிய ஓரம் ஒன்று இருக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, குறைத்து, அந்த மினுக்கம் கண்ணுக்குத் தெரியும்வரை திரையை இருட்டாக்கி, அதன்மேல் ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு எக்ஸ்போஷரை வேண்டிய அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம். விளக்குகள் வரிசையாக இருந்தால், எல்லாவற்றையும் தெளிவாக்கப் பார்க்காமல் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்து மூன்றடியில் எடுத்தால் தெளிவின் ஆழம் மூன்று செ.மீ.கூட வராது. எஃப் 4-இல் ஐந்து செ.மீ. அளவுக்கு வரும். ஓர் அகலை முழுதாகத் தெளிவில் காட்ட அதுவே குறுகல்தான்.

சுவாமிமலைக்குப் போகிற வழியில் தாராசுரத்தில் இறங்கத்தான் போகிறீர்கள். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலில் தூண்களிலும் அடித்தளத்திலும் உள்ளங்கை அளவுக்கும் சிறிய சிற்பங்கள் நிறைந்திருக்கின்றன. அருகிலிருந்து எடுக்கும் பயிற்சிக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் நம் பக்கத்தில் இல்லை. சிற்பம் அசையாது, அவசரம் இல்லை. 50 மி.மீ. லென்ஸ் ஒன்றேகால் அடிக்குக் கிட்டே வரை நெருங்கும். அவ்வளவு நெருக்கத்தில் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் படத்தின் அளவே மாறிக்கொண்டிருக்கும். வளையத்தை ஓரிடத்தில் விட்டுவிட்டு, உடம்பை அரை அங்குலம் முன்னும் பின்னும் சாய்த்துத் தெளிவைத் தேடுங்கள். எஃப் 8. சிற்பத்தின் முகத்துக்கு நேராகக் கேமரா இருக்கட்டும். சாய்வாகப் பிடித்தால் ஒரு தோள் தெளிவாகவும் மறு தோள் மங்கலாகவும் போகும். காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் சிறந்தது, செதுக்கலின் ஓரங்கள் தாமே எழுந்து நிற்கும்.

நல்ல புகைப்படக்காரர் மேனுவலில்தான் எடுப்பார் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை, கொஞ்சம் கோபமும் வருகிறது. புதிதாக வருகிறவர்களை, பெண்களைக் குறிப்பாக, இப்படிப் பேசித்தான் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். கல்யாணங்களை எடுப்பது என் தொழில். தாலி கட்டும் நேரத்தில் நான் ஆட்டோ ஃபோகஸில்தான் இருப்பேன். அந்த ஒரு நொடியை வளையத்தை நம்பி விடமாட்டேன். ஹோமப் புகை எழும்பி லென்ஸ் தடுமாறும்போது மட்டும், மணவறைத் தூணைப் பிடித்துப் பூட்டிக்கொள்வேன். உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் ஓடும் பிள்ளைகள், கோடியக்கரையில் துள்ளும் வெளிமான், பறந்து போகும் பூநாரைகள் எல்லாவற்றுக்கும் ஆட்டோவே போதும், அதுவே நல்லது. பனி, விளக்கு, கம்பிவலைக்கு அப்பால் இருப்பது, பயிருக்குள் மறைந்திருப்பது, இருட்டில் முன்கூட்டியே தெரிந்த ஓரிடத்தில் நடக்கப் போவது: இங்கெல்லாம் மேனுவல்.

சுவாமிமலை வார்ப்பு இந்தக் கடைசி வகை. அதற்கு மேனுவல்தான் சரி.

முதலில், உலோகம் ஊற்றுவது தினமும் நடப்பதில்லை. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்தி, சூடாக்கி மெழுகை வெளியேற்றிய பிறகே ஊற்று. எந்தப் பட்டறையில் எந்த நாளில் ஊற்றப் போகிறார்கள் என்று ஸ்தபதியிடம் முன்பே பேசி, படம் எடுக்கவும் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். மண் அச்சைத் தரையில் புதைத்து, வாய் மட்டும் மேலே தெரிய வைத்திருப்பார்கள். உருகிய உலோகம் அந்த வாயில்தான் விழப் போகிறது. எங்கே நடக்கும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். இது பெரிய வரம்.

ஊற்றுவதற்கு முன்பே 10 அடி தள்ளி நின்று, 50 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொள்ளுங்கள். யாரையாவது அச்சின் வாயில் டார்ச் அடிக்கச் சொல்லி, பத்து மடங்கு பெரிதாக்கி, மண் விளிம்பின் மேல் ஃபோகஸ் செய்யுங்கள். பொத்தான் எம்.எஃப்.பில் இருக்கட்டும், வளையத்தின் மேல் டேப். அந்தத் தூரத்தில் எஃப் 4 வைத்தால் தெளிவின் ஆழம் அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். குறடு பிடித்த கையும், சாய்ந்த மூசையும் (உலோகம் உருக்கும் பாத்திரம்), இறங்கும் உலோகமும் அதற்குள் அடங்கிவிடும். ஷட்டர் 1/250, ஐ.எஸ்.ஓ. 1600-இல் தொடங்கி ஒரு படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போஷரையும் மேனுவலில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் தகதகக்கும் உலோகத்தைப் பார்த்துக் கேமரா மிரண்டு படத்தையே இருட்டாக்கிவிடும். உலோகம் வெளுத்துப் போனாலும் பரவாயில்லை, அதன் செவ்வொளி விழுந்த முகங்கள் கிடைக்க வேண்டும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். படத்தையும் கெடுக்கும், ஊற்றுகிறவர் கண்ணையும் கூசவைக்கும்.

ஊற்றத் தொடங்கியதும் வியூஃபைண்டரில் மங்கலாகத் தெரிவதுபோல் தோன்றும், வளையத்தைத் தொடக் கை பரபரக்கும். தொடாதீர்கள். மண் விளிம்பில் பூட்டியாகிவிட்டது, அது நகரவில்லை, நீங்களும் நகராமல் இருந்தால் போதும். இடையில் கேமரா தானாக அணைந்துவிடாதபடி அதற்கான நேரத்தை மெனுவில் நீட்டி வையுங்கள். அணைந்து விழித்தால் எஸ்.டி.எம். லென்ஸ் அதே இடத்தில் நிற்கிறதா என்று மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள். லைவ் வியூ பேட்டரியை வேகமாகத் தீர்க்கும். இரண்டாவது பேட்டரி ஒன்று வாங்கி, முதல் நாள் இரவே இரண்டையும் சார்ஜ் செய்துவிடுங்கள்.

பிள்ளைகளை உங்களுக்கும் பின்னால் நிறுத்துங்கள். உருகிய உலோகம் ஈரத்தில் பட்டால் தெறிக்கும். தண்ணீர் பாட்டில்களைப் பட்டறைக்கு வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். படம் எடுக்கும் ஆர்வத்தில் நீங்களும் அந்தப் பத்தடியைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.